மரத்துப்போன நாலு மணி நேரம்

ஜோர்டான் தலைநகர் அம்மானில் மலைமேல் வீடு வாங்கியவன் எவனும் தன் முழங்காலைக் கேட்டுக்கொண்டு வாங்கியதில்லை. இந்திஸாரின் அப்பாவும் அப்படித்தான். காற்று நன்றாக வருகிறது என்று வாங்கிவிட்டார். கடைத்தெருவிலிருந்து நூற்று நாற்பத்து நாலு கல்படி ஏறி, மேலே ஒரு சுவரோடு நின்றுவிடும் படிக்கட்டு அது. அந்தச் சுவருக்கு மேலே மூன்று ஆள் உயரத்தில் பெரிய சாலை ஓடுகிறது. அங்கிருந்து இறங்க ஒரு வழி வைத்துக்கொடுக்க நகராட்சிக்கு ஐம்பது வருடமாக மனசு வரவில்லை. ஆகவே பதினாறு குடும்பமும் காஸ் சிலிண்டரோ, கல்யாணப் பெண்ணோ, எல்லாவற்றையும் கீழேயிருந்துதான் ஏற்ற வேண்டும். இந்திஸாரின் வாசல் எழுபத்தோராம் படியில். அவள் சிநேகிதி உம்மு ஹைதமின் வாசல் கடைசிப் படியில். இடையே எழுபத்து மூன்று படி.

முப்பத்தோரு வருடம் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட்டவள் இந்திஸார். அந்த மலையில் நாற்பது வயசுக்குக் கீழே இருக்கிற எல்லாக் கையிலும் அவள் குத்திய இடம் ஒன்று இருக்கும். சோறு உண்ணாத பிள்ளையை, "சிஸ்டர் இந்திஸாரைக் கூப்பிடவா?" என்று கேட்டே தாய்மார்கள் உண்ண வைத்தார்கள். நல்ல பேர்தான், ஆனால் அந்தப் பேரால் பெருநாளுக்குக்கூட ஒரு குழந்தை அவள் வீட்டு மிட்டாய்க்கு வந்ததில்லை. இளவயசில் ஒரு நிச்சயம் நடந்தது. குவைத்துக்குப் போன மாப்பிள்ளை அங்கேயே ஒரு டீச்சரைக் கட்டிக்கொண்டார். பிறகு அப்பாவுக்கு ஆறு வருடம், அம்மாவுக்கு ஒன்பது வருடம் பணிவிடை செய்தாள். இருவரையும் அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வீட்டில் அவளும் கடிகாரமும்தான் மிச்சம்.

அந்த வீட்டில் ஆள் குரல் கேட்டதென்றால் அது உம்மு ஹைதமின் குரல். மூத்த பிள்ளையின் பெயரை வைத்துத் தாயை உம்மு என்றும் தகப்பனை அபூ என்றும் அழைப்பது அந்த ஊர் வழக்கம். தினமும் காலை பத்து மணிக்கு ஏலக்காய் போட்ட காப்பி. ஒரு நாள் இவள் ஏறுவாள், மறுநாள் அவள் இறங்குவாள். இவள் ஓய்வு பெற்றதிலிருந்து பன்னிரண்டு வருடம் அப்படிப் போயிற்று. என்ன பேசினார்கள் என்று கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியாது. ஒருத்தி பேசாத நாள் இன்னொருத்திக்கு விடிந்த மாதிரியே இருக்காது, அவ்வளவுதான்.

அக்டோபரில் இந்திஸாரின் வலது முழங்காலில் கிழிந்துபோன சவ்வைச் சீவி எடுத்தார்கள். அந்தப் பக்கத்து வழக்கப்படி படிக்கட்டே திரண்டு வந்தது. ஆளுக்கொரு சாக்லேட் டப்பா, ஆளுக்கொரு வைத்தியம். வந்தவர் வீட்டுக்கெல்லாம் குணமானதும் போய்வர வேண்டும், அதுவும் வழக்கம்தான். போகாவிட்டால் வாய்விட்டு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அடுத்த தடவை நம் வாசலைக் கடக்கும்போது கொஞ்சம் வேகமாக நடப்பார்கள். இந்திஸாருக்கோ குணமாகவே இல்லை. ஆபரேஷன் செய்த பிறகும் வலி போகவில்லை, தேய்ந்த எலும்பு அப்படியேதான் இருக்கிறது என்றார்கள். டிசம்பருக்குள் எல்லாரும் வேகமாக நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். உம்மு ஹைதம் மட்டும் ஒரு நாள் விடாமல் சூப்புப் பாத்திரத்தோடு இறங்கிவந்தாள்.

ஜனவரியில் அவள் புருஷன் அபூ ஹைதம் மௌத்தாகிவிட்டார். விடியலில் சுபுஹு தொழுகைக்கு எழுந்தவர் கட்டிலோரத்திலேயே சரிந்துவிட்டாராம்.

துக்கம் விசாரிக்கிற மூன்று நாளும் ஆலங்கட்டி மழை. இந்திஸாரின் முழங்கால் வீங்கி, நீர் கோத்து, மடக்கவே முடியாமல் கிடந்தது. பக்கத்து இளவட்டங்கள் வந்து, "நாற்காலியில உட்காருங்க சிஸ்டர், நாங்க தூக்கிட்டுப் போறோம்" என்றார்கள். அவள் மறுத்துவிட்டாள். ஒருவரைத் தூக்கிக்கொண்டு போன வீட்டுக்கு உயிரோடு இன்னொருத்தியைத் தூக்கிக்கொண்டு வருவதா என்று அவளுக்குக் கூசியது. துக்கத்துக்குத் தன் காலால் நடந்துதான் போக வேண்டும் என்பது அவள் எண்ணம். போனில் பேசினாள். "அல்லாஹ் உன் கூலியைப் பெருக்கட்டும்" என்று துக்கம் கேட்கிற வார்த்தையைச் சொன்னாள். உம்மு ஹைதம், "உங்க முயற்சியை அல்லாஹ் ஏத்துக்கட்டும்" என்று யாரோ மூன்றாம் மனுஷியிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனை மருமகளிடம் கொடுத்துவிட்டாள். அதன்பிறகு எப்போது கூப்பிட்டாலும் அவள் தொழுதுகொண்டிருந்தாள், அல்லது தூங்கிக்கொண்டிருந்தாள்.

புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும், வீட்டை விட்டு வெளியே போகலாகாது. ஆக மேலே ஒருத்தி இத்தாவில், கீழே ஒருத்தி முழங்காலில். இறங்க அவளுக்கு வழியில்லை, ஏற இவளுக்குக் கால் இல்லை. இவள் ஏறியிருக்க வேண்டிய நேரம் அது. இதை இந்திஸார் அறிவாள். ஆனால் முதல் வாரம் வீக்கம், இரண்டாம் வாரம் வலி, மூன்றாம் வாரத்திலிருந்து வெட்கம். நாள் ஆக ஆக வலியைவிட வெட்கம்தான் கனத்தது.

பிப்ரவரியில் டாக்டர் முராத் முழங்காலுக்குள் முதல் ஊசி போட்டார். இந்திஸார் கீழே இறங்கியது நாற்காலியில். இரண்டு பையன்கள் தூக்கிப் போனதைப் படிக்கட்டு முழுக்கப் பார்த்தது. பார்த்ததைப் படிக்கட்டு முழுக்கப் பேசியது. அந்தப் பேச்சு மேலே எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

அந்த ஊசியில் இரண்டு மருந்து. ஒன்று வீக்கத்தை ஆற்றுவது, அது வேலை செய்ய இரண்டு மூன்று நாள் ஆகும். இன்னொன்று மரத்துப்போக வைப்பது, உடனே வலியை அணைத்துவிடும், நாலு மணி நேரத்தில் விட்டுவிடும். "மரத்திருக்கும்போது குணமாயிடுச்சுன்னு நினைச்சு ஓடாதீங்க, உள்ளே இருக்கிறது அப்படியேதான் இருக்கு" என்றார் டாக்டர். இந்திஸார் சொன்ன பேச்சைக் கேட்கிற ஜாதி. அன்று வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கினாள். நாலு மணி நேரம் அவளுக்கு இருபது வயசுப் பெண்ணின் கால் இருந்தது. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது போய்விட்டது. மூன்றாம் நாள் வரவேண்டிய நிவாரணம் கடமைக்கு வந்து எட்டிப் பார்த்து, ஒரு வாரத்தில் கிளம்பிவிட்டது. அந்தப் பருப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரியும். அந்த நாலு மணி நேரத்தில் மேலே போய் வந்திருக்கலாம்!

மே கடைசியில் இத்தா முடிந்தது. பத்து மணிக்கு இரண்டு கோப்பை வைத்து ஒரு வாரம் காத்திருந்தாள் இந்திஸார். படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்குப் போனாள். யாரும் வரவில்லை. ஜூன் முதல் திங்கட்கிழமை இரண்டாவது ஊசிக்குக் கிளம்பியபோது கறுப்பு உடுப்பை எடுத்து உடுத்தினாள். தடியை ஊன்றிப் பக்கவாட்டில் நண்டு மாதிரி எழுபத்தோரு படியை முக்கால் மணி நேரத்தில் இறங்கினாள்.

டாக்டர் முராத் ஊசியை உருவிவிட்டுப் பஞ்சை அழுத்தினார்.

"சிஸ்டர், கறுப்புல வந்திருக்கீங்க. யாராவது தவறிட்டாங்களா?"

"தவறி அஞ்சு மாசமாச்சு டாக்டர்."

"சரி. போன தடவை சொன்னதுதான். இன்னிக்கும் நாளைக்கும் படி ஏறக் கூடாது. வலி இல்லாத மாதிரி இருக்கும், நம்பாதீங்க."

"இதே வசனத்தை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன் தெரியுமா?"

"அப்போ கேப்பீங்க."

"நீங்க இந்த மலைக்காரர்தானே? எந்த வருஷம் பொறந்தீங்க?"

"எண்பத்தாறு. ஏன்?"

"உங்க கையிலயும் நான்தான் குத்தியிருப்பேன். நான் சொன்னதை உங்கம்மா கேட்டாங்களான்னு விசாரிச்சுப் பாருங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். அடுத்த ஊசி இந்த வருடத்தில் இனி ஒன்றுதான், அதுவும் பார்த்துத்தான் என்று எழுதிக்கொடுத்தார். அப்போது மணி பத்தேகால். இந்திஸார் மனசுக்குள் நாலைக் கூட்டிக்கொண்டாள். இரண்டேகால்.

டாக்ஸி அவளைப் படியடியில் விட்டபோது பதினொன்று. முதல் படியில் கால் வைத்தாள். வலி இல்லை. இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது. முழங்கால் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. இருபதாம் படியில் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அறுபத்து மூன்று வயசுக்காரி கண்ணில் நீர் முட்டச் சிரித்துக்கொண்டே ஏறுவதைப் பார்த்து ஒரு பூனை ஒதுங்கி வழிவிட்டது. தன் வாசலைத் தாண்டும்போது சாவியைக்கூட எடுக்கவில்லை. என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்பதுதான் மனசு முழுக்க.

மூன்று மணி நேரத்துக்கு மேல் கையில் இருந்தது. எழுபத்து மூன்று படிக்கு இருபது நிமிஷம் போதும். ஆனால் அவள் முழங்காலைக் கணக்குப் போட்டாளே தவிர, படிக்கட்டில் குடியிருக்கிற மனுஷர்களைக் கணக்குப் போடவில்லை.

எண்பத்து நாலாம் படியில் உம்மு கல்தூன் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள். அன்று தண்ணீர் வருகிற நாள். வாரம் ஒரு நாள் வருகிற தண்ணீரை விட்டுவிட்டு அவள் நிமிர்ந்தாள் என்றால் எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"யா அல்லாஹ்! சிஸ்டரா? தடி இல்லாமலா? உள்ள வாங்க!"

"திரும்பி வரும்போது வரேன் உம்மு கல்தூன். மேலே ஒரு அவசரம்."

"எட்டு மாசமா வராதவங்க என் வாசலைத் தாண்டிப் போறீங்களா? நான் உங்க ஆபரேஷனுக்கு வரலையா? ரெண்டு கிலோ டப்பா கொண்டுவரலையா?"

இதற்குப் பதில் கிடையாது. அந்த மலையில் இதற்குப் பதில் கண்டுபிடித்தவர் யாரும் இல்லை. இந்திஸார் உள்ளே போனாள். காப்பி வந்தது. காப்பி முடிந்தால் கிளம்பலாம் என்பது வேறு ஊர் மரியாதை. இங்கே காப்பிக்குப் பின் பழம், பழத்துக்குப் பின் பிஸ்கட், அதற்குப் பின் அவள் பெண்ணுக்கு வந்த வரனின் போட்டோ. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் அவமரியாதை. ஆகவே இந்திஸார் அதற்கு எதிரே இருந்த அலமாரிக் கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிந்த முட்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல வேளை இன்னிக்கே வந்தீங்க. வியாழக்கிழமை ஏர்போர்ட்டுன்னு சொன்னாங்க" என்றாள் உம்மு கல்தூன், ஆப்பிளைச் சீவியபடி.

"யாருக்கு ஏர்போர்ட்டு?"

உம்மு கல்தூனின் கத்தி நின்றது. "உம்மு ஹைதமுக்கு. ஹைதம் தோஹாவுல இருந்து வந்திருக்கான். அம்மாவைக் கூட்டிட்டுப் போறான், ஒரேடியா. வீட்டையும் கொடுத்தாச்சு. உங்களுக்குத்தான் முதல்ல சொல்லியிருப்பாங்கன்னு நாங்கல்லாம்…"

இந்திஸார் ஆப்பிள் துண்டை வாயில் போட்டு மென்றாள். சண்டைக்காரியாகவாவது மேலே இருக்கிறாள் என்ற நினைப்பில்தான் இத்தனை நாள் ஓடியது என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

வெளியே வரும்போது பன்னிரண்டரை. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு ஆகிக்கொண்டிருந்தது. நூற்று இரண்டாம் படியில் அபூ ஃபவ்வாஸ் வீடு. ஓய்வுபெற்ற தபால்காரர், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து படிக்கட்டின் போக்குவரத்தைக் கண்காணிப்பதையே தொழிலாக வைத்துக்கொண்டவர்.

"உம்மு கல்தூன் வீட்டுல ஒரு மணி நேரம். நம்ம வீட்டுக்கு எவ்வளவு?" என்று கேட்டார்.

"அபூ ஃபவ்வாஸ், உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். மேலே போயிட்டு வரேன்."

"மேலே இருக்கிறவ ஓடிடப் போறாளா? சாப்பாட்டு நேரத்துல வாசல்ல வந்து நின்னுட்டு, சாப்பிடாமப் போவியா?"

"பசிக்கல, வல்லாஹி, சத்தியமா பசிக்கல."

"நீ ஒரு வாய் சாப்பிடாமப் போனா என் பெண்டாட்டி எனக்கு முத்தலாக்கு!"

உள்ளேயிருந்து அவர் மனைவி கத்தினாள். "நாப்பத்திரண்டு வருஷம் வாழ்ந்தவளை ஒரு சுரைக்காய்க்காகத் தள்ளி வைக்கிறீங்களே மனுஷா! சிஸ்டர், சாப்பிட்டுருங்க. இந்த வயசுல நான் எங்க போவேன்?"

ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற இந்திஸார் உட்கார்ந்தாள். அரிசியும் கறியும் திணித்து வேகவைத்த குட்டிச் சுரைக்காய், தயிர்க் குழம்பில். ஒரு வாய் என்று சத்தியம் செய்தவர் நாலு காயைத் தட்டில் போட்டார். சாப்பிட்டு முடித்தால் டீ, டீ முடிந்தால் காப்பி. தன் தபால் பையை ஒருமுறை நாய் கவ்விக்கொண்டு போன கதையை அவர் சொன்னார். இந்திஸார் முன்பே ஆறு தடவை கேட்ட கதை. சிரிக்க வேண்டிய இடங்களில் எல்லாம் சிரித்தாள். அவர்கள் நல்லவர்கள். எட்டு மாதத்தில் அவளை யாரும் இப்படிப் பிடித்து உட்கார வைத்ததில்லை. வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் அழுதேவிட்டிருப்பாள். இன்றைக்கோ ஒவ்வொரு கதையும் அவள் முழங்காலிலிருந்து ஒரு படியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

விடுபட்டபோது மணி ஒன்றே முக்கால் தாண்டிவிட்டது. நூற்றுப் பதினைந்தாம் படியில் உள்ளே எங்கேயோ சுருக்கென்றது. நூற்று இருபதில் தடியை எடுத்து ஊன்றினாள். நூற்று முப்பதில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது காலை முதலில் வைத்து வலது காலை இழுக்க வேண்டியதாயிற்று. சாப்பாட்டு வீடுகளைத் திட்டினாள், நகராட்சியைத் திட்டினாள், பிப்ரவரி மாதப் பருப்பைத் திட்டினாள். கடைசிப் படியில் நின்று கதவைத் தட்டியபோது முழங்கால் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. வலி என்கிற பழைய ஆள் வீடு திரும்பிவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கதவைத் திறந்தவன் ஹைதம். "சின்னம்மா!" என்று அவள் கையை முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் கூடத்தில் நாலு பெட்டி திறந்து கிடந்தது. சோபாக்களுக்கெல்லாம் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. நடுவில் ஒரு முக்காலியில் உம்மு ஹைதம் குளிர்காலக் கம்பளிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தோஹாவில் எதற்குக் கம்பளி என்று இந்திஸாருக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

"அல்லாஹ் உன் கூலியைப் பெருக்கட்டும் ரபீஹா." பன்னிரண்டு வருடமாக அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் இவள் ஒருத்திதான்.

உம்மு ஹைதம் கம்பளியை மடித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"வழி தெரிஞ்சுதா?" என்றாள்.

"ரபீஹா…"

"இல்ல, கேக்கறேன். டாக்டர் வீட்டுக்கு வழி தெரியும்னு கேள்விப்பட்டேன். நாற்காலியில ஊர்வலம் போனியாமே. அந்த நாற்காலிக்கு மேலே வரத் தெரியாதா?"

"அப்படி வரக் கூடாதுன்னு நினைச்சேன். உன் துக்கத்துக்கு நாலு பேர் தூக்கிட்டு வந்து என்னை இறக்கி வைக்கிறதா? உங்க வீட்டுல இருந்து அப்பத்தான் ஒருத்தரைத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. நடந்து வரணும்னு நினைச்சேன்."

"நீ தவழ்ந்து வந்திருந்தாலும் எனக்குப் போதும்டி." உம்மு ஹைதமின் குரல் அங்கே உடைந்தது. "மூணு நாள். இந்த மலையே வந்து உட்கார்ந்துச்சு. யார் மூஞ்சியும் எனக்கு ஞாபகம் இல்ல. கதவையே பாத்துக்கிட்டு இருந்தேன். நீ போன்ல பேசற! போன்ல நான் என்னத்த அழுவேன்?"

பதில் சொல்ல இந்திஸாருக்கு நேரமில்லை. முழங்கால் மடங்கிவிட்டது. ஹைதம் பாய்ந்து பிடித்து, வெள்ளைத் துணியோடு சோபாவில் உட்கார வைத்தான். உம்மு ஹைதம் கம்பளியை வீசிவிட்டு வந்து அவள் பாவாடையை முழங்காலுக்கு மேலே தூக்கினாள். ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி. சுற்றிலும் வீக்கம்.

"இது எப்ப?"

"காலைல."

"இன்னிக்குக் காலைலயா? இன்னிக்கு ஊசி போட்டுக்கிட்டு இன்னிக்கே படி ஏறினியா? நீ நர்ஸா, கழுதையா?"

"மரத்திருந்தா நாலு மணி நேரம் தாங்கும். அதுக்குள்ள வந்துட்டுப் போயிடலாம்னு கிளம்பினேன். உம்மு கல்தூன் வரனோட போட்டோவைக் காட்டினா. அபூ ஃபவ்வாஸ் முத்தலாக்குன்னுட்டார்."

உம்மு ஹைதம் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று ஹைதமுக்குத் தெரியவில்லை, அவன் மெதுவாக அடுத்த அறைக்குப் போய்விட்டான். அவள் எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். பாத்திரமெல்லாம் கட்டியாகிவிட்டதால் ஏதோ ஒரு கிண்ணத்தில் காப்பி காய்ச்சிக்கொண்டு வந்தாள். இந்திஸார் வாயில் வைத்தாள். சர்க்கரை இல்லை. துக்க வீட்டில் கொடுக்கிற கசப்புக் காப்பி. மூன்று நாளோடு அந்தக் காப்பி முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. இவளுக்காக உம்மு ஹைதம் ஒரு துளியை மிச்சம் வைத்திருந்தாள் போலும்.

இரண்டு பேரும் குடித்தார்கள். பிறகு, வைத்த கிண்ணம் வைத்தபடி இருக்க, அபூ ஹைதமுக்காக அழுதார்கள். அவர் கடைசியாக என்ன சொன்னார், எந்தச் சட்டை போட்டிருந்தார், எந்தப் பக்கம் சரிந்தார் எல்லாவற்றையும் உம்மு ஹைதம் முதலிலிருந்து சொன்னாள்.

"போகாதேன்னு சொல்ல எனக்கு வாய் இல்ல" என்றாள் இந்திஸார்.

"ஜனவரியிலயே வந்து சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன். இப்ப வீட்டையும் கொடுத்தாச்சு, விசாவும் வந்தாச்சு." உம்மு ஹைதம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் தேவலை என்றிருந்தது இந்திஸாருக்கு.

சாயங்காலம் ஹைதமும் உம்மு கல்தூனின் மகனும் அவளை அடுப்பங்கரை நாற்காலியில் வைத்துக் கீழே தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உம்மு ஹைதம் கூடவே இறங்கினாள். அபூ ஃபவ்வாஸ் எழுந்து நின்றார்.

செவ்வாய்க்கிழமை முழுக்க இந்திஸார் கட்டிலில் பனிக்கட்டிப் பையோடு கிடந்தாள். புதன்கிழமை சுவரைப் பிடித்துக் குளியலறை வரை போனாள். உம்மு ஹைதமுக்கு இறங்கிவர நேரமில்லை, வழியனுப்ப வந்த உறவுக்காரர்கள் அவளை விடவில்லை. ஆனால் பத்து மணிக்குப் போன் செய்தாள். இருவரும் அவரவர் வீட்டில் காப்பி வைத்துக்கொண்டு பேசினார்கள். அது ஒன்றும் சரியாக வரவில்லை.

வியாழக்கிழமை காலை கண் விழித்தபோது வலி இல்லை. மரத்துப்போன மாதிரி இல்லாமல், கால் காலாகவே இருந்தது. மடக்கினாள், நீட்டினாள், கீழே உட்கார்ந்து எழுந்தாள். ஒரு வருடத்தில் முதல் தடவையாக நெற்றி தரையில் படத் தொழுதாள். மருந்து வேலை செய்துவிட்டது. மூன்று மாதம் தாங்கலாம், நாலும் தாங்கலாம்.

எட்டு மணிக்குப் பெட்டிகள் இறங்கின. பின்னாலேயே உம்மு ஹைதம். இந்திஸார் வாசலில் செருப்போடு தயாராக நின்றாள்.

"நீ எங்கடி கிளம்பிட்ட? உள்ள போ."

"கீழ வரைக்கும் வரேன்."

"வலிக்கும்."

"வலிக்கல ரபீஹா. நிஜமாவே வலிக்கல. பாரு." இரண்டு படி இறங்கி ஏறிக் காட்டினாள், குழந்தை மாதிரி.

உம்மு ஹைதம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தக் கால் உனக்கு இப்பத்தான் வந்துச்சாக்கும்" என்றாள். ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு எழுபத்தோரு படியையும் இறங்கினார்கள். காருக்கு அருகே நின்று வலக்கன்னத்தில் ஒரு முத்தம், இடக்கன்னத்தில் மூன்று. ஹைதம் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். கார் கடைத்தெருவின் நெரிசலில் நுழைந்து, ஒரு கோழி லாரிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் தெரிந்து, பிறகு தெரியாமல் போயிற்று.

இந்திஸார் திரும்பி ஏறினாள். கால் தங்கமாக நடந்தது. பத்து, இருபது, முப்பது. எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம் என்றது கால். எங்கே போவது? மேலே கதவு பூட்டியிருக்கிறது. மணி ஒன்பதுகூட ஆகவில்லை. பத்து மணி வரும், நாளைக்கும் வரும். நாற்பதாம் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எட்டு மாதமாகத் தனக்காக அழாத அழுகை அது. முக்காட்டு நுனியை வாயில் அடைத்தும் நிற்கவில்லை.

மேலேயிருந்து ரொட்டி வாங்க உம்மு கல்தூன் இறங்கி வந்தாள். பார்த்ததும் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"ஐயோ சிஸ்டர்! எதுக்கு இறங்கினீங்க? முட்டி வலிக்குதா?"

இந்திஸார் இரண்டு கையாலும் வலது முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா" என்றாள். "ரொம்ப வலிக்குது."